இரண்டாம் ஆளின் பட்டன்

"திருடன் யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க ஆதாரம் மட்டும் எடுத்துக் கொடுத்தாப் போதும்."

வாடிக்கையாளர் இப்படிச் சொன்னால் ரேடியோவுக்குக் குஷி பிறந்துவிடும். பாதி வேலையை அவரே முடித்துவிட்டார் என்று அர்த்தம். சுங்கத்துக்கோ அந்தப் பேச்சு ஆகவே ஆகாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இப்போதும் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுங்கம் என்பது பட்டப்பெயர். விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்த அம்மாள். வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடாமல் துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். ரேடியோ அவருடைய உதவியாளன். அவன் ஒரு காலத்தில் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்னவன். வண்டி எதுவும் வராத நேரத்திலும் வாயை மூடாததால் அந்த வேலை போயிற்று. இப்போது அதே வாய்க்குச் சுங்கம் சம்பளம் கொடுக்கிறார், ஏன் என்று அவருக்கே சில சமயம் புரிவதில்லை.

"யாரு திருடன்?" என்றார் சுங்கம்.

"என் மச்சினன். என் மனைவியோட தம்பி. ஒரு வருஷமா என் வீட்டுல இருந்துகிட்டு, எனக்கே குழி பறிச்சுட்டான்."

சொன்னவர் லிஃப்ட் பொறியாளர், அவர் வீட்டுக்குத்தான் இவர்கள் வந்திருந்தார்கள். நாற்பது வயது, நல்ல உயரம், ரெண்டு நாளாகத் தூங்காத கண். அவர் கையில் மடித்த இரண்டு தாள்கள். காவல் நிலையத்துக்கான புகார். மச்சினன் பெயர் முதல் வரியிலேயே இருந்தது, அடியில் கையெழுத்தும் ஆகிவிட்டது. மாலை ஐந்து மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாராம். அப்போது மணி இரண்டரை.

"திருட்டுப் போனது என்ன?"

பொறியாளர் அறையின் மூலையைக் காட்டினார். காசு போட்டு விளையாடும் கடைகளில் நிற்குமே, அந்த மாதிரி ஆளுயர விளையாட்டுப் பெட்டி ஒன்று அங்கே நின்றது. ஒட்டுப்பலகையில் அறுத்த வளைந்த பக்கங்கள், ஓரம் முழுக்கக் கறுப்பு ரப்பர் பட்டை. சாய்வான பலகையில் இடது பக்கம் ஒரு கைப்பிடியும் ஆறு பட்டனும், வலது பக்கம் அதே போல இன்னொரு செட். நடுவில் திரை, உச்சியில் விளக்கு எரியும் பெயர்ப்பலகை. கடையில் வாங்கியது என்றால் யாரும் நம்புவார்கள். வீட்டிலேயே செய்தது என்று கேட்டதும் ரேடியோவுக்கே ஒரு மரியாதை வந்தது.

"பெட்டி இங்கேயே இருக்கே சார்? திருடனுக்கு இடுப்பு வலியா?"

"போனது உள்ளே இருந்தது" என்றார் பொறியாளர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்தப் பெட்டியை ஓட்டுறது ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், அடியில உட்கார்ந்திருக்கு. நானே எழுதின ஒரு ஆட்டம் அதுலதான் இருக்கு. ஒருத்தர் லிஃப்டை ஓட்டணும், இன்னொருத்தர் படியில ஓடணும். நடுவுல மாட்டிக்கிட்ட ஜனங்களை ரெண்டு பேரும் சேர்ந்து காப்பாத்தணும். மூணு வருஷ உழைப்பு. யாரும் எடுத்துடக் கூடாதுன்னு இன்டர்நெட் கூடக் கொடுக்கல."

"எப்படித் தெரிஞ்சுது போனது?"

"வெளியூர்ல லிஃப்ட் மாட்டற வேலை. பன்னிரண்டு நாள் போயிட்டேன். முந்தாநாள் திரும்பி வர்ற வழியில போன்ல ஒரு விளம்பரம். புது விளையாட்டு, சீக்கிரமே வருது அப்படின்னு. பார்த்தா என் லிஃப்ட், என் படிக்கட்டு. கீழ் மாடியில நிக்கற காவலாளி எங்க கட்டடத்துக் காவலாளி மேடம். மீசையைக்கூட மாத்தல!"

அந்த விளம்பரம் கொடுத்த கம்பெனியில்தான் மச்சினன் அடுத்த மாதம் வேலைக்குச் சேரப் போகிறான். ஊரில் அந்த மாதிரிக் கம்பெனி இரண்டுதான், தற்செயலாகவும் இருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் சந்தேகம் வந்த மனசு அந்த மாதிரிச் சலுகையெல்லாம் கொடுக்குமா? பொறியாளர் வந்த வேகத்தில் இந்த அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இன்று மதியம் வரை உள்ளே ஓர் ஈ கூட நுழையவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. கையில் சிவப்புப் பேனாவோடு பொறியாளரின் மனைவி நின்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், பேச்சுக் குரல் கேட்டு வந்திருந்தார்.

"டீச்சர், இந்தப் பெட்டியில நீங்களும் விளையாடுவீங்களா?" என்றார் சுங்கம் சாதாரணமாக.

"அந்தச் சனியனை நான் தொட்டதும் இல்ல, தொடப் போறதும் இல்ல. எட்டு மாசம் ஞாயித்துக்கிழமையெல்லாம் அதுதான் தின்னுச்சு." டீச்சர் கணவர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அந்தப் புகார் போச்சுன்னா என் தம்பியோட நானும் போறேன். அப்புறம் ரெண்டு கைப்பிடியையும் நீங்களே பிடிச்சுக்கிட்டு விளையாடுங்க."

அவர் போனதும் பொறியாளர் கதவைச் சாத்தினார். ஒரு கையில் மூன்று வருஷ உழைப்பு, மறு கையில் பெண்டாட்டி. மனுஷனுக்கு முகம் சுருங்கிப் போயிருந்தது.

ரேடியோ அதற்குள் பெட்டி முன்னால் போய் நின்றுவிட்டான். பொறியாளர் சத்தத்தைக் குறைத்து மின்சாரத்தைப் போட்டார். திரையில் ஆட்டங்களின் பட்டியல் வந்தது. ரேடியோ இடது பக்கத்து ‘ஆரம்பம்' பட்டனை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினான். கைப்பிடியை ஆட்டினான்.

"என்னைப் பார்த்தா மரத்துக்குக்கூடப் பிடிக்கலை மேடம்."

"தள்ளுங்க, இடதுதான் முதல் ஆள். அதுலதான் ஆரம்பிக்கணும்" என்று பொறியாளர் தானே அழுத்தினார். அசையவில்லை. வலது பக்கம் தொட்டார். பட்டியல் சட்டென்று நகர்ந்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"மாறியிருக்கு" என்றார் மெல்ல.

"எது மாறியிருக்கு?"

"ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின சாயங்காலம் இடது பக்கத்துல நின்னுதான் விளையாடினேன். பலகைக்கு அடியில ரெண்டு போர்டு இருக்கு மேடம். இடது பட்டன்களுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே கடையில வாங்கினது, அச்சு அசல் ஒண்ணு. எது யாருன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எந்த ஒயரை எந்த ஓட்டையில செருகறோமோ அதை வெச்சு முதல் ஆள், ரெண்டாம் ஆள்னு எடுத்துக்கும். யாரோ கம்ப்யூட்டரை வெளியே எடுத்துட்டுத் திரும்ப வெச்சிருக்காங்க. ஒயரை மாத்திச் செருகிட்டாங்க."

"அடையாளம் ஒட்டி வைக்கலையா?"

பொறியாளர் தலையைச் சொறிந்தார். "நான் ஒருத்தன்தானே திறக்கப் போறேன்னு..."

ஊரிலுள்ள லிஃப்டுக்கெல்லாம் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுகிற மனுஷன், தன் பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டவில்லை. தன் கையால் செய்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த ஒரு திமிர் உண்டு. சுங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இந்த விஷயம் இந்த அறையை விட்டுப் போகக் கூடாது. உங்க மச்சினன், உங்க மனைவி, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. பெட்டியோட பின் கதவுக்குப் பூட்டு போட்டது யாரு?"

"தச்சர். பக்கத்துத் தெரு. சாவி என்கிட்டதான் இருக்கு, ஊருக்கும் எடுத்துட்டுப் போயிட்டேன்."

"பூட்டு வாங்கினா ரெண்டு சாவி வருமே சார்?" என்றான் ரேடியோ.

பொறியாளர் தன் சாவியை வெளியே எடுத்துப் பார்த்தார். அவருக்கு அது இதுவரை தோன்றவே இல்லை.

தச்சரின் பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. மரத்தூள் கணுக்கால் வரை கிடந்தது. தச்சருக்கு ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில். பொறியாளர் வீட்டிலிருந்து வருகிறோம் என்று சுங்கம் சொன்னதும், அவர் அவசரமாக ஒரு சாக்கை இழுத்துப் பின்னால் இருந்த எதையோ மூடினார். மூடியது போதவில்லை. கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டிய வளைந்த பலகை ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது.

ரேடியோ சும்மா இருப்பானா? போய்ச் சாக்கை விலக்கினான். அதே வளைவு, அதே உயரம், அதே சாய்வு. பாதி முடிந்த இன்னொரு பெட்டி.

"அண்ணே, பெட்டி குட்டி போட்டிருக்கு போலிருக்கே!"

தச்சருக்கு வியர்த்துவிட்டது. "வேற ஒருத்தர் கேட்டாருங்க. அட்டையில அளவெடுத்து வெட்டினதைச் சார் எங்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டாரு. முழங்கை எந்த உயரத்துல வரணும்னு பார்க்கவே மூணு தடவை வெட்டினாரு பாவம். அதை வெச்சுத்தான்... சார்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. கேட்டிருந்தா கொடுத்திருப்பாரு. கேட்கத்தான் கூச்சமா இருந்துச்சு."

"ரெண்டாவது சாவி எங்கே?"

"பெட்டியைக் கொண்டுபோய் இறக்கின அன்னைக்குச் சார் வீட்டுல இல்ல. அவரு மச்சினன்தான் இருந்தாரு. அவரு கையிலதான் கொடுத்தேன். சத்தியமாங்க."

"உள்ளே ஒயர் வேலையெல்லாம் உங்களுக்குப் பழக்கமா?"

"ஐயோ, கரண்ட்டுன்னா எனக்குப் பயம்மா. மரத்தோட சரி. அவரு ஒயரைப் பிடிச்சா நான் வாசல்ல போய் நின்னுக்குவேன்."

திரும்பி நடக்கும்போது ரேடியோ விரல் விட்டு எண்ணினான். "அளவைத் திருடினவன் ஆட்டத்தைத் திருட மாட்டானா? இல்லேன்னா மச்சினன். சாவி அவன்கிட்ட, வேலை அந்தக் கம்பெனியில. ரெண்டு பேருல ஒருத்தன். காசு சுண்டிப் பார்த்துடலாமா மேடம்?"

"எல்லாரும் எதையோ மறைக்கிறாங்க, ரேடியோ. விமான நிலையத்துல பெட்டியைத் திறந்தா பத்துல ஒன்பது பேருக்கு முகம் வெளுக்கும். அந்த ஒன்பது பேரும் கடத்தல்காரங்க இல்ல. ஒருத்தர் கிழிஞ்ச பனியனை மறைப்பார், ஒருத்தர் மாமியாருக்குத் தெரியாம வாங்கின வளையலை மறைப்பார்."

"பத்தாவது ஆள்?"

"அவர் முகம் வெளுக்காது. அதான் கஷ்டம்."

மச்சினனுக்கு இருபத்தாறு வயது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். மொட்டை மாடியில் துணி காயும் கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். சாவி எங்கே என்று சுங்கம் கேட்டதும், "தொலைஞ்சு போச்சு" என்றான்.

"எப்போ?"

"தெரியல."

"எங்க வெச்சீங்க?"

"ஞாபகம் இல்ல."

"தம்பி, உங்க மாமா அஞ்சு மணிக்குப் புகார் கொடுக்கப் போறார். அதுல உங்க பேர் இருக்கு. அடுத்த மாசம் சேரப் போற வேலை, அதுக்கு அடுத்து எந்த வேலையும், எல்லாம் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்" என்றான். அவன் கண் கீழே, தெருவில் நிறுத்தியிருந்த வீட்டுக் காரின் மேல் ஒரு கணம் போய் வந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இப்படி ஓர் அழுத்தக்காரனை ரேடியோ பார்த்ததில்லை. குற்றவாளிதான், சந்தேகமே இல்லை என்று மனசுக்குள் முத்திரை குத்திவிட்டான்.

சுங்கம் அவனைக் கீழே அழைத்து வந்து பெட்டி முன்னால் நிறுத்தினார். "மாமாவோட ஆட்டத்தைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

அவன் யோசிக்காமல் இடது பக்கம் போய் நின்று ‘ஆரம்பம்' பட்டனை அழுத்தினான். அசையவில்லை. மறுபடி அழுத்தினான். புருவம் சுருங்கியது. வலது பக்கக் கைப்பிடியை லேசாகத் தட்டிப் பார்த்தான்.

"ரெண்டு போர்டும் மாறிக் கிடக்கு. எந்த முட்டாள் செருகினது இது? மாத்திச் செருக அரை நிமிஷம்..."

பாதியில் நிறுத்திவிட்டான். முகத்தில் இருந்த எரிச்சல் போய் வேறு என்னவோ வந்தது. "எனக்குத் தெரியாது" என்று, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அறையை விட்டுப் போனான்.

"மாட்டிக்கிட்டான்!" என்று ரேடியோ கிசுகிசுத்தான். "முகத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அவன் இல்ல."

"என்ன மேடம் நீங்க..."

"யோசிச்சுப் பாரு. கம்ப்யூட்டரைத் திரும்ப உள்ளே வெச்ச ஆள், சரியா வேலை செய்யுதான்னு போட்டுப் பார்க்காம மூடியிருக்க மாட்டாங்க. போட்டுப் பார்த்தா இடது பக்கம் செத்துக் கிடக்கும், வலது பக்கம் ஓடும். விஷயம் தெரிஞ்சவன் என்ன பண்ணுவான்? இப்போ அவனே சொன்னானே, அரை நிமிஷம். மாத்திச் செருகிட்டுப் பூட்டியிருப்பான். நமக்கு ஒரு தடயமும் கிடைச்சிருக்காது."

ரேடியோ வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அது அரிது.

"ஒயர் தெரியாத ஆள்தான், வலது பக்கம் ஓடுது, அப்பாடா, இப்படித்தான் இருக்கும் போலிருக்குன்னு நிம்மதியா மூடியிருப்பாங்க. அந்த ஆளுக்கு இந்தப் பெட்டியில வலது பக்கம்தான் முதல் ஆள். நாம போய் மாறிடுச்சுன்னு சொன்னாத்தான் அவங்களுக்கே தெரியும்."

"ஒயர் தெரியாதவர்... கரண்ட்டுன்னா பயம்..." ரேடியோ தொடையில் தட்டினான். "தச்சர்! வாங்க, சாக்கை இன்னும் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போம்."

"எங்கேயும் போக வேண்டாம். நீ இங்க நின்னு விளையாடு."

"எனக்குத்தான் வராதே மேடம்."

"அதனாலதான் உன்னைச் சொல்றேன். இடது பக்கம் மட்டும். சத்தத்தை முழுசா வை. கதவைத் திறந்து வை. அடிச்சுக்கிட்டே இரு."

அடுத்த பத்து நிமிஷம் ரேடியோ தன் தொழில் வாழ்க்கையிலேயே உருப்படியான காரியத்தைச் செய்தான். செத்த பட்டனைப் பளார் பளார் என்று அறைந்தான். கைப்பிடியைக் குலுக்கினான். பெட்டி ஒரே இசையைத் திரும்பத் திரும்ப அலறிக்கொண்டிருந்தது. நடுநடுவே, "பயணிகளின் கவனத்துக்கு, இந்த இயந்திரம் இன்று ஓடாது!" என்று பழைய குரலில் அறிவித்தான். பொறியாளர் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றார். சுங்கம் கதவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முப்பத்தேழு விடைத்தாளில் முப்பதில் அதே தவறைப் பார்த்துவிட்டு வந்திருந்த டீச்சர், முப்பத்தெட்டாவதாக ஒருத்தன் எதிரில் நின்று அதே தவறைப் பத்து நிமிஷமாகச் செய்வதை எப்படித் தாங்குவார்?

"எத்தனை தடவைதான் அதையே அமுக்குவீங்க? அந்தப் பக்கம் இல்லீங்க, இந்தப் பக்கம்!"

சிவப்புப் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு வலது பக்கம் வந்தார். ‘ஆரம்பம்' பட்டனை ஒரு தட்டு. கைப்பிடியைக் கீழே இரண்டு முறை இழுத்தார். திரையைக்கூடப் பார்க்கவில்லை, ரேடியோவையே முறைத்துக்கொண்டிருந்தார். அடுத்த பட்டன். பட்டியல் போய், லிஃப்டும் படிக்கட்டும் மீசைக் காவலாளியும் திரையில் வந்து நின்றார்கள்.

"இவ்வளவுதான். ஒரு தடவை வரலேன்னா அடுத்த பக்கம் முயற்சி பண்ணணும்னு தோண வேண்டாமா?"

"தோணலை டீச்சர்" என்றான் ரேடியோ. "கீழே ரெண்டு தடவை இழுக்கணும்னும் எனக்குத் தெரியாது."

பொறியாளர் போய் மின்சாரத்தை நிறுத்தினார். டீச்சர் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் கைப்பிடியின் மேலேயே இருந்தது. பேனாவை வாயிலிருந்து எடுத்தார். அவர் முகம் வெளுக்கவே இல்லை.

"தொட்டதே இல்லைன்னீங்க" என்றார் சுங்கம் கதவுக்குப் பின்னாலிருந்து. "இந்தப் பெட்டியில சார் ஊருக்குக் கிளம்பற வரைக்கும் இடதுதான் முதல் பக்கம். முந்தாநாள்லேர்ந்து அறை பூட்டிக் கிடக்கு. நடுவுல யார் கம்ப்யூட்டரை எடுத்துத் திரும்ப வெச்சாங்களோ, அவங்க ஒருத்தருக்குத்தான் வலது பக்கம் பழக்கம்."

"நீயா?" என்றார் பொறியாளர்.

டீச்சர் நின்றபடியே சொன்னார். குரல் வகுப்பில் பாடம் நடத்துவது போலத் தெளிவாகத்தான் இருந்தது. "ஆமா. ராத்திரி பகல் கதவைச் சாத்திக்கிட்டு இந்தப் பெட்டிகிட்டயே இருந்தீங்க. நான் வந்தா திரையை மாத்தினீங்க. என்னன்னு கேட்டா உனக்குப் புரியாதுன்னீங்க. ஒரு தடவை இல்ல, நூறு தடவை. வேற யாரோ இருக்காங்கன்னு நினைச்சேன். கடிதப் போக்குவரத்து, படம், ஏதோ ஒண்ணு உள்ளே இருக்கும்னு. தம்பி சமையலறை ஆணியில மாட்டியிருந்த சாவியை எடுத்தேன். ஸ்கூல் பக்கத்துல ரிப்பேர் கடை இருக்கு. போர்வையில சுத்திக் கொண்டுபோய்க் கொடுத்து, உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்கன்னேன். மூணு நாள் வெச்சிருந்தான்."

"என்ன இருந்துச்சாம்?"

"ஒரு விளையாட்டு மட்டும்தான் இருக்கு அம்மான்னான்." டீச்சரின் குரல் அங்கேதான் உடைந்தது. "எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமான்னு வேற கேட்டான். திரும்பக் கொண்டுவந்து வெச்சுட்டு நானும் போட்டுப் பார்த்தேன். மூணு நாள் விளையாடினேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சுங்கம் எழுந்து வந்து கையை நீட்டினார். "ரிப்பேர் கடையில சீட்டு கொடுத்திருப்பாங்களே?"

விடைத்தாள் கட்டுக்குள்ளிருந்து மஞ்சள் சீட்டு ஒன்று வந்தது. கடை முத்திரை, கொடுத்த தேதி, எடுத்த தேதி. அடியில் கடைக்காரனே எழுதியிருந்தான்: டிஸ்க் நகல் எடுக்கப்பட்டது. வேலை செய்யும்போது ஏதாவது அழிந்துவிட்டால் தன் மேல் பழி வரக் கூடாது என்று எல்லாக் கடையிலும் எழுதிக் கொடுப்பதுதான். அந்த நகலைப் பிறகு யாருக்கு விற்றான் என்பதை மட்டும் எழுதவில்லை.

"சார், நீங்க கேட்ட ஆதாரம் இது" என்றார் சுங்கம். "ஆள்தான் வேற."

பொறியாளர் சீட்டை வாங்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினன் அங்கே ஒரு முழங்காலில் உட்கார்ந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தானோ தெரியாது. பக்கத்தில் தோள்பை.

"எங்கடா போற?" என்றார் டீச்சர்.

"சிநேகிதன் ரூமுக்கு."

"மாப்ள, நான்... எனக்கு..." பொறியாளர் வாசலை நோக்கி ஓரடி வைத்தார்.

"நீங்க சந்தேகப்பட்டது பரவால்ல மாமா. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது." அவன் எழுந்து நின்று அக்காவைப் பார்த்தான். "போர்வையில சுத்திக் கார்ல வெச்சதை நான் மாடியிலேர்ந்து பார்த்தேன். உனக்காக வாயை மூடிக்கிட்டேன். ரெண்டு நாளா என் பக்கத்துலதான் உட்கார்ந்து சாப்பிட்டே. நீ யாருக்காக வாயை மூடிக்கிட்டே அக்கா?"

தம்பியை விட்டுக்கொடுக்காத அக்கா என்று ரேடியோ மத்தியானம் வியந்திருந்தான். கூடவே கிளம்பத் தயாராக இருந்தவருக்கு, உண்மையைச் சொல்ல மட்டும் மனசு வரவில்லை. மனுஷ ஜென்மம் என்ன ஜென்மமோ என்று அவனுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பரிதாபமாகவும் இருந்தது.

டீச்சர் கணவர் கையிலிருந்த புகாரை வாங்கிக் குறுக்கே கிழித்தார். கூடத்து மேஜையில் விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டு வெள்ளைத்தாள் ஒன்றைப் போட்டார்.

"உட்காருங்க. நாலரைதான் ஆகுது. நான் சொல்றேன், எழுதுங்க."

பொறியாளர் உட்கார்ந்தார். டீச்சர் எதிரில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னார். கம்ப்யூட்டர், ஆட்டம், பன்னிரண்டு நாள், ரிப்பேர் கடை. பொறியாளரின் பேனா ஓர் இடத்தில் தயங்கியது, பிறகு வேகமாக ஓடியது. தலைகீழாக இருந்தாலும் டீச்சர் படித்துவிட்டார். நாள் முழுக்க அடுத்தவர் எழுதுவதைப் பார்க்கிற கண் அது.

"பழுது பார்க்கக் கொடுத்தாள்னு ஏன் எழுதறீங்க? அடிங்க. பழுது ஒண்ணும் இல்ல. என் மேல் சந்தேகப்பட்டுக் கொடுத்தாள்னு எழுதுங்க."

"ஸ்டேஷன்ல நாலு பேர் படிப்பாங்க."

"படிக்கட்டும். அடுத்த வரி. தன் தம்பி மேல் பழி விழுந்தது தெரிந்தும் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்."

பொறியாளர் நிமிர்ந்தார். "இது எதுக்கு? புகாருக்கு இது தேவையே இல்லையே."

"புகாருக்கு வேண்டாம்" என்றார் டீச்சர், வாசல் பக்கம் திரும்பாமல். "அவனுக்கு வேணும். எழுதுங்க."

பொறியாளர் எழுதினார். வாசலில் தம்பி குனிந்து, ஒரு கால் ஷூவின் கயிற்றை மட்டும் அவிழ்த்துவிட்டு, அடுத்த வரி வரட்டும் என்று நின்றான்.